வானத் துறை

பேட்டை என்னும் சொல் வாணிகம் நடக்கும் புறநகரைக் குறிக்கும். நெல்லையை அடுத்த பேட்டையும் அப்பெயர் பூண்டதே. வாணிகத்திற்குத் துறை வேண்டும். பண்டு பொருநையாறு கடலோடு கலந்த இடத்தில் கொற்கைத் துறை முத்தால் புகழ்பெற்று விளங்கிற்று. ஆற்றுமணல் தூர்ந்து கடல் விலகவே, அது பொலிவிழந்தது.

இன்று இச்சீமையின் வானத் துறை, தூத்துக்குடிச் சாலையிலுள்ள வாகைக்குளம். 1992-இல் திறக்கப்பெற்றபோது அதன் ஓடுபாதை 1350 மீட்டர் நீளமே உடையது. பெரிய விமானம் விரைவு பெற்று மேலெழ நெடும்பாதை வேண்டும். ஆதலின் சிறு விமானங்களே வந்து சென்றன. பின்னர், சுற்றுப்புற ஊர்களின் நிலங்கள் எடுக்கப்பெற்று, பாதை 3115 மீட்டராக நீட்டப்பட்டது. 2025 சூலை 26-இல் புதிய முனையமும் திறக்கப்பெற்றது.

வளராத துறை தூர்ந்துபோகும். வளர்ந்த துறையில் பயணம் செய்வோர், அதற்கு நிலம் ஈந்தோரை மறவாதிருத்தல் கடனாகும்.