வக்கீலுக்குச் சங்கத்தில் என்ன வேலை?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

விபத்து வழக்கு நடத்தும் வக்கீல்களைப் பற்றி நம் ஊர்ப்பக்கம் நல்ல பேச்சு குறைவு. அடிபட்டவன் ஆஸ்பத்திரிக்கு வருமுன் வக்காலத்துத் தாள் வந்துவிடும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. 2019-இல் லாரி மோதி என் தந்தையார் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்து படுத்திருந்தபோது, முன்பின் அறியாத இரு தரகர்கள் கட்டிலருகே வந்து கைநாட்டுக் கேட்டார்கள். ஆகவே, பின்னர் எங்கள் வழக்கை ஏற்ற வக்கீல் ஐயா மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்றிலும் உறுப்பினர் என்று தெரிந்ததும், "ஆள் பிடிக்கத்தானே?" என்றார் என் சித்தப்பா.

வழக்கறிஞர் ஆள் பிடிக்கக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு பேசக் கூடாது என்பவை இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் விதிகள். விதி இருந்தால் மீறுவோரும் இருப்பர். சங்கத்தைச் சந்தையாக எண்ணுவோர் சிலர் இருக்கவே செய்வர். ஆனால் எங்கள் வழக்கு நடந்த விதம் எனக்கு வேறொரு காரணத்தைக் காட்டியது.

என் தந்தையார் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். மருத்துவச் சான்றிதழில் ஊனம் 50 விழுக்காடு. "பாதி ஊனம், ஆகவே பாதி வருமானம்தான் நஷ்டம்" என்று வாதாடினார் காப்பீட்டுக் கம்பெனி வக்கீல். ஒற்றைக் காலில் அரை மூட்டை தூக்கலாம் என்று எண்ணினாரோ என்னவோ! எங்கள் வக்கீல் இரண்டு தீர்ப்புகளைக் காட்டினார். இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவருக்கு உழைக்கும் திறன் முழுவதுமே போயிற்று என்பதை 1975-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: உடல் ஊனம் வேறு, வருமான இழப்பு வேறு. ஒரு கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகலாம். அரசு எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம்.

இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் உண்டு. செயற்கைக் கால் பொருத்திய பின் நடப்பது அதில் இல்லை. தசை சுருங்கும், கிண்ணம் தளரும், வியர்வையில் தோல் உரியும். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்று நான் வகுப்பில் படித்ததை அவர் தோலில் படித்தார். சில ஆண்டுகளில் காலையே மாற்ற வேண்டும். தீர்ப்பாயமோ ஒரே தடவைதான் தொகை விதிக்கும்; கால் தேய்ந்தது என்று மறுபடி போய் நிற்க முடியாது. இதையெல்லாம் வக்கீல் ஐயா கற்றுக்கொண்டது சங்கத்தில்தான். அங்கே சைக்கிள் கடைக்காரர் ஒருவர், இதுவரை எத்தனை கால் மாற்றினார், எவ்வளவு செலவாயிற்று என்று ரசீதுகளோடு சொன்னாராம். அந்தக் கணக்கை வைத்துத்தான் எங்களுக்கு எதிர்காலச் செலவைக் கேட்டார். 2022-இல் தீர்ப்பு வந்தது. வருமான இழப்பு முழுமையாக ஏற்கப்பட்டது. செயற்கைக் காலுக்குக் கேட்டதில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் விடுதிக் கட்டணம் அந்தத் தொகையின் வட்டியில் நடக்கிறது.

வக்கீல் ஐயா பதிலுக்குச் சங்கத்தாருக்கு மனுக்கள் எழுதித் தருகிறார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 விழுக்காடு இடம் ஒதுக்குகிறது. நீதிமன்றங்களை மாற்றுத்திறனாளிகள் பாகுபாடின்றி அணுக வழி செய்யவும் சொல்கிறது. எங்கள் வழக்கு நடந்த இடமோ மாடியில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சித்தப்பாவும் நானும் தந்தையாரைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். அப்படி ஏறிய ஒருநாள் வக்கீல் ஐயாவிடமே கேட்டுவிட்டேன், சங்கத்தில் ஏன் சேர்ந்தீர்கள் என்று.

"தம்பி, லாரி எடுத்த காலுக்கு இன்ஷூரன்ஸ் பதில் சொல்லும். இந்தப் படிக்கட்டுக்கு எந்த இன்ஷூரன்ஸ் பதில் சொல்லும்? இதை நாலு பேர் சேர்ந்துதான் கேட்கணும்" என்றார்.

படிக்கட்டைப் பற்றிச் சங்கம் கொடுத்த மனுவில் ஐந்தாவதாக இருப்பது என் தந்தையாரின் கைநாட்டு. இன்னும் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டும். என் கையெழுத்து நன்றாயிருக்கிறதாம், என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.