இடப் பக்கத்து ஸ்பீக்கர்

“உங்களுக்கு எதற்கு ஸார் பழைய கார்? வீட்டிலே நீங்கள் ஒருவர் இருப்பது போதாதா?” என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு வயது அறுபத்தெட்டு; எனக்கு அறுபத்தாறு. ஆகையால் அந்தக் கேலியை நான் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு பிழை உண்டு. என்னுடையது பழைய கார் அல்ல; பழைய கார் மாதிரி இருக்கிற கார். தவளைக் கண்களைப் போல் பிதுங்கிய முன் விளக்குகள், அலை மாதிரி ஏறி இறங்கும் மட்கார்டுகள், மடக்கி வைக்கும் துணிக் கூரை எல்லாம் உண்டு. பார்க்கிறவர்கள், 1930-களில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த வண்டி என்றே எண்ணுவார்கள். பானெட்டைத் திறந்தால் சாயம் வெளுத்துவிடும். உள்ளே இருப்பது சாட்சாத் மாருதி எஞ்சின். மேலே உள்ள உடம்பு இரும்புகூட இல்லை, ஃபைபர். கோயமுத்தூரில் ஒரு பட்டறைக்காரர் ஆசைக்காகக் கட்டி, ஆர்.சி. புத்தகத்திலும் முறையாக ஏற்றி, ஆசை தீர்ந்ததும் எனக்கு விற்றார். இப்போது அப்படிச் செய்வது சுலபமல்ல. கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. என் வண்டி அந்தத் தீர்ப்புக்கு மூத்தது.

‘மாதிரி’ என்பதற்காக யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். 2014 வரையில் உற்பத்தியாகி நம் சாலைகளை ஆண்ட அம்பாஸடர் மட்டும் என்னவாம்? இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்து வார்த்த வண்டிதானே!

காரில் ஒரே ஒரு குறை இருந்தது. டாஷ்போர்டின் நடுவில் ரேடியோ இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. “ஒரு பாட்டுப் பெட்டி வைக்கலாமா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“வைங்க. காரிலே ஏதாவது ஒண்ணு பேசட்டும்” என்றாள்.

அதை நான் சம்மதம் என்று எடுத்துக் கொண்டேன்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. ஒரு சாமான் வாங்குவதற்கு முன் அதன் சரித்திரத்தைப் படிப்பான். நானும் படித்தேன். காருக்குள் ரேடியோ நுழைந்தது லேசில் நடந்த காரியமல்ல. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-இல் ‘மோட்டரோலா’ என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் பிளாபங்க்ட் ரேடியோ 1932-இல் வந்தது. அந்தக் காலத்து வால்வுகளுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். கார் பாட்டரியில் இருந்ததோ ஆறு வோல்ட். ஆகவே ‘வைப்ரேட்டர்’ என்று ஒரு சாதனம் நடுவிலே உட்கார்ந்து, ஓயாமல் துடித்து, மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கும். பாட்டுடன் ஒரு வண்டின் ரீங்காரமும் இலவசம். 1955-இல் கிரைஸ்லர் கம்பெனி டிரான்ஸிஸ்டர் ரேடியோவைக் காரில் வைத்தது. அதே சமயத்தில் காருக்குள் இசைத்தட்டுச் சுழலும் கிராமபோனையும் வைத்துப் பார்த்தது. அது நிலைக்கவில்லை. நம் கோரிப்பாளையம் சாலையில் அதை ஓட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளே கைவிட்டிருப்பார்கள்.

இந்த எல்லா சாதனங்களிலும் ஒரு பொதுவான அம்சம் இருந்தது. காருக்கு ஒரே ஸ்பீக்கர். அதுவும் பல கார்களில் டாஷ்போர்டின் நடுவில். இதைப் படித்தபோது, ‘பாவம், அந்தக் காலத்து மனிதர்கள்’ என்று பரிதாபப்பட்டேன். அந்தப் பரிதாபம் யாருக்கு உரியது என்பது பின்னால் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு கோரிப்பாளையத்துக்குப் போனேன். 1889-இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் ஏறி வைகையைக் கடந்தால் வடகரையில் வருவது கோரிப்பாளையம். ‘கோர்’ என்றால் பாரசீகத்தில் கல்லறை. தர்காவில் அடக்கமான பெரியவர்களால் ஊருக்கு அந்தப் பெயர் என்பார்கள். பெயர்தான் அமைதியான பெயர். தர்கா, தேவர் சிலை, அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போகிற கூட்டம், நாலு திசையிலிருந்தும் வரும் பஸ்களின் ஹாரன் என்று அந்தச் சந்திப்புக்கு மதுரையில் இணை கிடையாது.

பெரிய சாலையை ஒட்டி ஒரு பாய் கடை வைத்திருக்கிறார். கார்களுக்குப் பாட்டுப் பெட்டி பொருத்துவதில் அவருக்கு முப்பது வருஷ அனுபவம். என் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவை விரலால் தட்டினார். “ஃபைபரா ஸார்?” என்றார். அவரை ஏமாற்ற முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த மாதிரிக் கார்களுக்கென்றே ‘மாதிரி’ ரேடியோக்கள் வருகின்றன. முன்னால் இரண்டு திருகு குமிழ்கள், நடுவே எண்கள் போட்ட கண்ணாடி, ஓரத்தில் நிக்கல் பூச்சு எல்லாம் உண்டு. பின்னால் யு.எஸ்.பி., புளூடூத் என்று எல்லாப் புது சங்கதிகளும் ஒளிந்திருக்கும். என் காருக்கும் அதற்கும் பத்துப் பொருத்தமும் இருந்தது. அதில் தகராறு எழவில்லை. தகராறு எழுந்தது ஸ்பீக்கர் விஷயத்தில்.

“இந்தப் பெட்டியிலே 200 வாட்னு போட்டிருக்கே, பாய்?” என்றேன்.

“நாலு ஸ்பீக்கருக்கும் அம்பது அம்பதுன்னு கூட்டிப் போட்டிருக்கான் ஸார். எஞ்சின் ஓடறப்போ கிடைக்கிறது பதினாலு வோல்ட்டுச் சொச்சம். ஸ்பீக்கர் நாலு ஓம். கணக்குப் போட்டுப் பாருங்க. சுத்தமான சத்தம் ஒரு ஸ்பீக்கருக்கு இருபத்தஞ்சு வாட்டைத் தாண்டாது” என்றார். வீட்டுக்கு வந்து பெருக்கி வகுத்துப் பார்த்தேன், இருபத்தாறு வந்தது. பாய் ஒரு வாட்டுக்கு மேல் நமக்குக் கடன் வைக்கவில்லை.

பின்னால் பெரிய ‘பாஸ்’ பெட்டி ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன். இளைஞர்கள் வைத்துக் கொள்கிறார்களே, தெருவில் போனால் நம் ஜன்னல் அதிருமே, அந்த ரகம். பாய் தலையை ஆட்டினார். “மூடின காருக்குத்தான் ஸார் அது. உங்க வண்டிக்குக் கூரை துணி. பாதிச் சத்தம் ரோட்டுக்குப் போயிடும். மிச்சத்தைக் காத்து முழுங்கிடும். காதுக்கு ரெண்டு மடங்கு கேக்கணும்னா பத்து மடங்கு கரண்டு வேணும். எதுக்கு வீணா? உங்களுக்கு மனுஷக் குரல் தெளிவாக் கேட்டாப் போதும் இல்லையா?”

“அவ்வளவுதான் வேண்டும்” என்றேன்.

கதவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர்களைத் தற்காலிகமாகப் பொருத்திக் காட்டினார். நான் ஓட்டும் ஆசனத்தில் உட்கார்ந்தேன். சாலை என் வலது கைப்பக்கம். பாய் இடது கதவோரம் நின்றார். மதுரையில் 1922-இல் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் குரல் மெல்ல எழுந்தது. பாய் ‘பாலன்ஸ்’ குமிழைத் திருப்பி, வலது ஸ்பீக்கரை மட்டும் பாட வைத்தார். பிரமாதமாக இருந்தது. பிறகு இடது பக்கம் திருப்பினார்.

சௌந்தரராஜன் நின்றுவிட்டார்.

“ஒயர் விட்டுப் போச்சு, பாய்” என்றேன்.

“பாடுதே ஸார்.”

“இல்லை. நின்றுவிட்டது.”

அவர் என்னை ஒரு விநாடி பார்த்தார். “கையை வச்சுப் பாருங்க” என்றார். எட்டி ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அது துடித்துக் கொண்டிருந்தது. தாளம்கூடக் கையில் தெரிந்தது. வலது பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயிற்று. அது போன பிற்பாடு, எங்கோ நாலு வீடு தள்ளி யாரோ பாடுவதைப் போல் அந்தக் குரல் காதில் விழுந்தது.

பாய் நல்ல மனிதர். வியாபாரம் பேசவில்லை. குமிழை நடுவில் வைத்து, பாட்டை நிறுத்திவிட்டு, “டீ சாப்பிடலாம் ஸார்” என்றார். கடைசி மடக்கின்போதுதான், “ஸ்பீக்கர் எங்கேயும் ஓடிப் போகாது. முதல்லே ஒரு டாக்டரைப் பாத்துட்டு வாங்க” என்று, ஏதோ டயருக்குக் காற்று அடிக்கச் சொல்வது போலச் சொன்னார்.

கோரிப்பாளையத்தில் ஒரு வசதி, டாக்டரைத் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. காது டாக்டர் என்னை ஒரு சத்தம் புகாத கூண்டில் உட்கார வைத்து, காதுக்கு ஹெட்போன் மாட்டி, ‘கீ’ என்றும் ‘ஙொய்’ என்றும் கேட்கும் ஒலிகளைத் தனித்தனியே எழுப்பினார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இடது காதின் முறை வந்தபோது என் விரலுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டி விளக்கினார். வயது ஏறினால் காதில் முதலில் தேய்வது உச்ச ஒலிகளைக் கேட்கும் சக்தி. எனக்குச் சின்ன வயதில் இடது காதில் சீழ் வடிந்ததுண்டு. அதுவும் சேர்ந்துகொண்டு, அந்தக் காது வெகுவாகப் பின்தங்கிவிட்டது. பேச்சிலே உயிரெழுத்துக்களின் ஓசை கனமானது. தாழ்ந்த சுருதியில் வருவது. க, ச, த போன்ற மெய்களின் ஓசை மெல்லியது. உயர்ந்த சுருதியில் வருவது. “அதனால் பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது” என்றார். தமிழ் இலக்கணப்படி சொன்னால், எனக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை.

“ஆனால் டாக்டர், வீட்டில் எல்லாம் சரியாகக் கேட்கிறதே?” என்றேன்.

“எதிரே உட்கார்ந்து பேசுவார்கள். உங்கள் கண் உதட்டைப் பார்த்துக் காதுக்குச் சொல்லிவிடும். இடது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, நீங்கள் முன்னால் பார்த்துக் கொண்டு, வலது பக்கம் இரைச்சலும் இருந்தால்தான் கஷ்டம்” என்றார்.

இடது பக்கத்தில் ஒருவர், முன்னால் பார்வை, வலது பக்கம் இரைச்சல்! நம் நாட்டில் கார் ஓட்டுவது என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் இலக்கணம் சொல்லியிருக்க முடியாது.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்து, பாய் கடைக் கதையைக் கொஞ்சம் ஜோடித்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“அப்போ… அக்கா விஷயம்?”

“என்ன அக்கா விஷயம்?”

அவள் அக்கா மேலூரில் இருந்தாள். ஆறு வருஷங்களுக்கு முன் காலமானாள். அதற்கு ஒரு மாதம் முன்பு நாங்கள் அழகர்கோயிலுக்குப் போயிருந்தோம். அப்போது இந்தக் கார் இல்லை, சாதாரணக் கார்.

“திரும்பறப்போ சொன்னேன். அக்காவுக்கு உடம்பு ரொம்ப முடியலை, இங்கேருந்து மேலூருக்கு நேர் ரோடு இருக்கே, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிடலாம்னு. ‘ம்’னீங்க. ஆனா வண்டியை மதுரைப் பக்கமே விட்டீங்க. மறுபடி சொன்னேன். மறுபடியும் ‘ம்’. தல்லாகுளம் வந்தப்புறம் நான் சொல்றதை விட்டுட்டேன்.”

“நீ சொல்லவே இல்லையே!” என்று என்னை அறியாமல் கத்தினேன்.

“சொன்னேன். இடது பக்கம் உட்காந்து சொன்னேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மூன்று தடவை கேட்டும் மனசு இறங்காத மனுஷனிடம் நாலாவது தடவை எப்படிக் கேட்பது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஆறு வருஷமாகக் காரில் அவள் வாய் திறந்ததில்லை. நானோ, ‘வயது ஆக ஆக இவளுக்கு எவ்வளவு அமைதி வந்துவிட்டது!’ என்று வியந்து, ஒரு நாவலில் அப்படி ஒரு மனைவியைப் படைத்து, வாசகர்களிடம் பாராட்டுக் கடிதங்களும் வாங்கியிருக்கிறேன்.

‘காரிலே ஏதாவது ஒண்ணு பேசட்டும்’ என்று அவள் சொன்னதன் அர்த்தம் அந்த இரவில்தான் எனக்கு விளங்கியது.

அடுத்த வாரம் பாயிடம் போனேன். கதவு ஸ்பீக்கர்கள் வேண்டாம், பழைய கார்களில் இருந்தது போல் நடுவில் ஒன்றே ஒன்று போதும் என்றேன். ஸ்டீரியோவில் பாட்டின் ஒரு பங்கு இடது பக்கம் வரும். அது எனக்கு நஷ்டக் கணக்கு. எனக்குப் பிடித்த பாட்டுக்கள் ஸ்டீரியோ வருவதற்கு முந்தியவை. ஒரே ஸ்பீக்கருக்கென்று பிறந்தவை. ஆனால் புதிய பெட்டியில் இடது ஒயரையும் வலது ஒயரையும் சும்மா முறுக்கிச் சேர்த்தால் பெட்டி புகைந்துவிடும். அதற்கென்று ஒரு ஸ்பீக்கர் இருப்பதாகப் பாய் சொல்லி வரவழைத்தார். பின்னால் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று இடதுக்கு, ஒன்று வலதுக்கு. இரண்டும் சேர்ந்து தள்ளுவது ஒரே காகிதக் கூம்பை. டாஷ்போர்டின் நடு ஓட்டைக்குக் கீழே, இருக்கும் இடமே தெரியாமல் உட்கார்ந்துவிட்டது. காருக்கும் அதுதான் பொருத்தம் என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள்.

என் இடது காதில் இப்போது ஒரு சிறு கருவி இருக்கிறது. அதற்குக் காற்று ஆகாது. வேகமாகப் போனால் புயலடிப்பது போல் இரையும். ஆகவே திறந்த கார் வாங்கியவன், துணிக் கூரையை இழுத்து மூடிக்கொண்டு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன்.

முதல் பிரயாணம் அழகர்கோயிலுக்கு. திரும்பும்போது, கேட்காமலே, வண்டியை மேலூர்ச் சாலையில் திருப்பினேன். அங்கே இனிப் பார்ப்பதற்கு யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவள் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அக்காவைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

ரேடியோ எப்படி என்று பாய் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். இன்னும் சரியாகப் போட்டுப் பார்க்கவில்லை. அவள் பேசி முடித்த பிறகு போடலாம் என்று இருக்கிறேன். ஆறு வருஷத்துப் பேச்சு அல்லவா? இன்னும் முடியவில்லை.