எது சீமைச் சீரகம்?

செக் மொழியில் 'சிபுலே' என்றால் வெங்காயம். அதில் வைக்கிற சூப் 'சிபுலாச்கா'. ஐரோப்பியச் சாப்பாடு என்றதும் எங்களுக்குப் பெரிய ஹோட்டல்தான் ஞாபகம் வரும். இதுவோ வெங்காயமும் பழம் பாணும் கொண்டு வயிற்றை நிரப்புகிற வீட்டுச் சமையல். மாசக் கடைசியில் எங்கட அறைக்கு நல்லாப் பொருந்தும்.

நாலு பம்பாய் வெங்காயத்தை மெல்லிசாக வெட்டி, பட்டரில், சின்ன நெருப்பில், பொன்னிறமாகும் வரை கிண்டுவோம். அரை மணித்தியாலமாவது வேணும். அவசரப்பட்டால் கருகும், இனிக்காது. பிறகு ஒரு லீட்டர் தண்ணீர், உப்பு, மிளகு, மார்ஜோரம், அரைத் தேக்கரண்டி சீமைச் சீரகம். எலும்பு அவித்த தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லம். கொதித்து இறக்கியதும் நேற்றைய பாணைப் பொரித்து மேலே போடவேண்டியதுதான்.

சீமைச் சீரகத்துக்குப் பதிலாக நற்சீரகம் போட்டால் என்ன? போடலாம், ஆனால் ரசம்தான் மணக்கும். செக்காரர் சீமைச் சீரகத்தை வெறும் 'க்மீன்' என்பார்கள். எங்கட நற்சீரகம் அவர்களுக்கு 'ரோமானிய க்மீன்'. அவரவர் குசினியில் இருப்பதுதான் அவரவருக்குச் சீரகம். மற்றவருடையது எல்லாம் சீமைதான்.