கை எட்டும் உயரத்தில் ஓர் அலமாரி

நம்ம பக்கத்து வீடுகளில் ஷோகேஸ் பார்த்திருப்பீர்கள். அதில் தலையாட்டி பொம்மை இருக்கும், பிளாஸ்டிக் பூ இருக்கும், கல்யாணத்துக்கு வந்த கப்-சாஸர் இருக்கும். புத்தகம் மட்டும் இருக்காது. அது பரணில் மூட்டையாகக் கிடக்கும், இல்லாவிட்டால் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறியிருக்கும்.

எங்கள் வீட்டில் ஷோகேஸே கிடையாது. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். ஊரில் எத்தனையோ வீடுகளுக்குச் சுவரில் ஷெல்ஃப் வைத்துக் கொடுத்தவர் அப்பா. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் டிப்ளமோ சேர்ந்த வருடம், வேலை நடந்த இடத்தில் மிஞ்சிய கடப்பா கல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, எனக்கென்று ஓர் அலமாரி கட்ட ஆரம்பித்தார்.

கடப்பா கல்லைக் கரையான் அரிக்காது. ஆனால் நீளமாக விட்டுப் பாரம் ஏற்றக் கூடாது. "மரம்னா தொங்கிக் காட்டும். கல்லு சொல்லாம ஒடிஞ்சிரும்" என்று சொல்லி, இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கொடுத்தார். டெக்ஸ்ட் புக்கை நெருக்கி அடுக்கினால் ஒரு அடிக்கு எட்டு, பத்து கிலோ வந்துவிடும் அல்லவா? பலகையில் ஷெல்ஃப் செய்கிறவர்களுக்கு நம் பாடத்திலேயே கணக்கு இருக்கிறது. சீரான பாரத்தில் இரண்டு முனையிலும் தாங்கிய பலகையின் நீளத்தை இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு ஆகும். கனத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அப்பாவுக்கு இந்த ஃபார்முலா தெரியாது. தாங்கல் எங்கே வேண்டும் என்பது மட்டும் தெரியும்!

எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது உயரத்தில்தான். சாமி படத்துக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே வைக்க வேண்டும் என்றார் அப்பா. "புத்தகம் சரஸ்வதிடா. கால் படக் கூடாது" என்றார். ஆயுசு முழுக்க எட்ட நின்று கும்பிட்ட பொருள் அவருக்கு அது. நானோ, "பாப்பா கை எட்டணும்ப்பா" என்றேன். தங்கை எட்டாவது படிக்கிறாள். பொம்பளைப் பிள்ளைக்குப் பத்தாவது போதும் என்று உறவுக்காரர்கள் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பீடி முடியும் வரை பேசவில்லை. பிறகு தரையிலிருந்து இரண்டடியில் முதல் தட்டைப் பதித்தார்.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவதன் சாரம் இதுதான்: புத்தகம் பூட்டிவைக்க அல்ல, எடுத்துப் புழங்க. கும்பிடுவதற்குச் சரஸ்வதி பூஜை இருக்கிறது. மற்ற நாளெல்லாம் புரட்டுவதற்குத்தான்!

அலங்காரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டில் பழைய செய்தித்தாள் விரித்து, ராமபாணப் பூச்சிக்குப் பயந்து வேப்பிலையும் வசம்பும் போட்டிருக்கிறோம். சுவரின் ஈரம் படாமல் இரண்டு விரல்கடை இடைவெளி விட்டுப் புத்தகங்களைச் சாயாமல் நிறுத்தியிருக்கிறோம். பிரௌன் அட்டை போட்டு, முதுகில் பெயர் எழுதியது தங்கை. கீழ்த்தட்டு அவளுடையது. என் டிராயிங் புத்தகம் இப்போது அங்கேதான் இருக்கிறது. வேண்டுமென்றால் அவளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். "இது என்ன படம்ணே?" என்று தினமும் ஒரு கேள்வி வருகிறது. அம்மா வேலை முடிந்து வந்ததும் முந்தானையால் தூசி தட்டுகிறாள்.

நண்பர்களே, பரீட்சை முடிந்த கையோடு புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடப்பா கல் வேண்டாம். நாலு செங்கல், ஒரு பலகை போதும். வருகிற விருந்தாளி பார்க்க அல்ல, வீட்டில் இருக்கும் சின்னக் கை எடுக்கிற உயரத்தில் வையுங்கள். நமக்குப் பின்னால் படிக்க வருகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்