பெயர் மாறிய பெட்டி

ஜேர்மனியின் கருங்காட்டுப் பிரதேசத்தில் 1835ஆம் ஆண்டு மணிக்கூட்டுப் பட்டறையாகத் தோன்றி, பின்னர் வானொலிப் பெட்டிகளாற் புகழ்பெற்றது சாபா நிறுவனம். 1970களின் பிற்பகுதியில் அந்நிறுவனம் 'வீடியோபிளே' என்னும் கருவியொன்றை விற்றது. தொலைக்காட்சியோடு இணைத்து வீட்டிலிருந்தே விளையாடத்தக்க அக்கருவி சாபாவின் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவிலே பெயார்சைல்ட் நிறுவனம் 1976இல் வெளியிட்ட 'சனல் எவ்' என்பதே, உரிமத்தின்பேரில், அங்கே வேறு பெயர் சூடிற்று.

தமிழாசிரியனுக்கு விளையாட்டுப் பெட்டியோடு யாது தொடர்பு என அன்பர்கள் வினவுதல் கூடும். சொல்லுகின்றேன். அதற்கு முந்திய வீட்டுக் கருவிகள் பெரும்பாலானவற்றில் ஆட்டங்கள் உள்ளேயே நிலையாக அமைந்திருந்தன. அவை அலுத்தால் கருவியும் அலுத்தது. சனல் எவ்விலோ ஆட்டத்தின் நிரல் தனியொரு மஞ்சட் பேழையிற் பதிக்கப்பெற்றது. பேழையை மாற்ற ஆட்டமும் மாறும். ஏடு வேறு, அதனைப் படிப்பவன் வேறு என்னும் நிலை விளையாட்டுக் கருவிக்கும் வாய்த்தது என்பேன். அல்பெக்ஸ் என்னும் சிறு கம்பனியைச் சேர்ந்த இருவரிடம் முளைத்தது இக்கருத்து. குழந்தைகள் பலகாற் செருகி எடுப்பினும் பழுதுறாத வீட்டுக் கருவியாக அதனை ஆக்கிய குழுவின் தலைவர் ஜெரி லோசன் என்னும் கறுப்பினப் பொறியியலாளர். ஆட்டத்தை இடையில் நிறுத்திவைக்கும் வசதியும் அதில் இருந்தது. உணவுக்கு அழைக்கும் அன்னையர் மகிழ்ந்திருப்பர்!

அதன் விலை 169.95 டொலர். 1977இல் அற்றாரியின் கருவி வந்தது. சந்தை அதன் பக்கம் சாய்ந்தது. சனல் எவ் மறக்கப்பட்டது. லோசனின் பெயரோ அதனினும் ஆழ மறைந்தது.

1940இல் நியூயோர்க் நகரத்துப் புரூக்லினிற் பிறந்தவர் லோசன். முதலாம் வகுப்பில் அவருடைய மேசையருகே, அடிமையாகப் பிறந்து விஞ்ஞானியாக உயர்ந்த ஜோர்ஜ் வோஷிங்டன் கார்வரின் படம் இருந்தது. நீயும் இவரைப் போல் ஆகலாம் என்று ஆசிரியை ஊட்டிய நம்பிக்கையே தம்மை உருவாக்கிற்றென லோசன் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். இளமையிலேயே வானொலி நிலையம் அமைத்தார். பிறர் வீட்டுத் தொலைக்காட்சிகளைத் திருத்திப் பொருளீட்டினார். இதனைப் படித்தபின் யான் என் வகுப்பறைச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து நோக்கினேன். கால அட்டவணையும் ஒழுங்கு விதிகளுமே அங்கே தொங்கின.

2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், விளையாட்டு ஆக்குநர்கள் சங்கத்தார் லோசனைப் பாராட்டினர். அடுத்த மாதம் 9ஆந் திகதி அவர் காலமானார்.