துடுக்கு யாருடையது?

பணிவின்றிப் பேசுவதைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. துடுக்கு, திமிர், செருக்கு, இறுமாப்பு, வாய்க்கொழுப்பு என அடுக்கிக்கொண்டே போகலாம். துடுக்கு நாவில் துள்ளுவது. இறுமாப்பு நெஞ்சில் ஊறுவது. நம் இல்லங்களிலோ இவை அனைத்துக்கும் ஈடாக ஒரே பேச்சுத்தான்: ‘அதபு இல்லை.’

இச்சொல்லை நாம் யாரை நோக்கி வீசுகிறோம்? பெரும்பாலும் நம்மினும் இளையவர்களை நோக்கியே. சென்ற ரமலானுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த முதியவர், சுண்ணாம்பைத் தரையில் சிந்திவிட்டார். “சீ! கண் தெரியவில்லையா உனக்கு?” என்று சீறினோம். அருகிலிருந்த மகள்வயிற்றுப் பேரன், “நன்னா, அவர் உங்களைவிடப் பெரியவராச்சே!” என்றான். “பெரியவர்களிடம் பேசும் முறையா இது? அதபு வேண்டாமா?” என்று அவனையும் அதட்டினோம். பிள்ளை வாயடைத்துப் போனான்.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் அச்சொல் நம்மையே உறுத்தியது. பெற்றோரை நோக்கி ‘உஃப்’ என்றுகூடச் சொல்லாதீர் எனத் திருமறை 17:23 தடுக்கிறது. அதனைத் தமிழில் பெயர்த்தோர் ‘சீ’ என்றே எழுதினர். இவ்வசனத்தை நம் பிள்ளைகளுக்கு ஓயாமல் ஓதிக் காட்டுகிறோம். அதே ‘உஃப்’ இன்னோரிடத்திலும் வருகிறது. சிறுவராக வந்து அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்தவர் ஹஸ்ரத் அனஸ் (ரலி). அந்நாட்களில் பெருமானார் தம்மை ஒருமுறையேனும் ‘உஃப்’ என்றதில்லை. ‘இதை ஏன் செய்தாய், அதை ஏன் செய்யவில்லை’ என்று கடிந்ததுமில்லை என அவர் அறிவித்துள்ளார்.

மகன் தந்தையிடம் சொல்லலாகாத சொல்லை, தலைவர் தம் பணியாளரிடமும் சொல்லவில்லை. அதபு கீழிருந்து மேலே செலுத்தும் காணிக்கை மட்டுமன்று. மேலிருந்து கீழேயும் பொழிய வேண்டிய மழை. முன்னதை வற்புறுத்தும் நாம் பின்னதை மறந்துவிட்டோம். இளையவன் எதிர்த்துக் கேட்டால் துடுக்கு என்கிறோம். நாம் ஏழையைச் சீறினால் அதற்குக் கண்டிப்பு என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

மறுநாள் பேரனையும் அருகில் வைத்துக்கொண்டு, “நேற்றுப் பேசியது தவறு, மன்னிச்சிடுங்க ஐயா” என்றோம். முதியவர் மட்டையைக் கீழே வைக்காமலே சிரித்தார்.

“அதனால என்னங்க, எங்களுக்குப் பழகிப்போச்சு.”

மன்னித்துவிட்டார்தாம். ஆயினும் அந்தப் பழக்கத்தை அவருக்கு உண்டாக்கியவர்களுள் நாமும் ஒருவரல்லவா?