பூப்பனி ஸ்டோர்

2023 ஆகஸ்ட் 9, புதன்

உடப்புசல்லாவையில் பஸ் ஏறும்போதே மழைத் தூறல். ராகலையில் வெகுநேரம் நிறுத்திவிட்டான். கந்தப்பளை வரும்போது முழங்கால் மரத்துவிட்டது. பிறகு த்ரீவீல்.

தம்பி கொழும்பிலிருந்து அனுப்பிய துண்டில் ஹெரிட்டன்ஸ் டீ ஃபெக்டரி என்று இருக்கிறது. அம்மா த்ரீவீல் பையனிடம் "பூப்பனி ஸ்டோருக்கு விடு ராசா" என்றாள். கேள்வி கேட்காமல் விட்டான்.

கவுன்டரில் அடையாள அட்டை கேட்டார்கள். கைப்பை, அதற்குள் பொலித்தீன், அதற்குள் அட்டை. அம்மா இரண்டு கையாலும் நீட்டினாள். திரும்பக் கைக்கு வரும்வரை அசையவில்லை. உட்காரச் சொன்னார்கள். உட்காரவும் இல்லை.

மூணாம் மாடி. பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு. அம்மா அறை நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"இங்கதான் கொழுந்து வாடப் போடுவோம்."

அவ்வளவுதான் பேச்சு. இரவு கம்பளியைத் தரையில் விரித்துப் படுத்துவிட்டாள். கூப்பிட்டுப் பார்த்தேன். கட்டிலில் நான் மட்டும். தூக்கம் வரவில்லை. விரிப்பு இழுத்துக் கட்டியிருக்கிறது, காலை அசைக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

நாலு மணிக்கே அம்மா எழுந்துவிட்டாள். சன்னலோரம் நிற்கிறாள். "சங்கு ஊதலியே புள்ள."

நான் சுடுதண்ணீரில் குளித்தேன். இவ்வளவு நேரம் என் வாழ்நாளில் குளித்ததில்லை. தோள் வலி விட்டது. சந்தோஷமாக இருந்தது. அம்மாவையும் குளிக்க வைத்தேன். தலை துவட்டும்போது சிரித்தாள். தம்பிக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

கீழே பழைய எஞ்சின் இருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று. அம்மா கையை வைத்துப் பார்த்தாள். ஓடும்போது பலகையெல்லாம் அதிருமாம், பாதத்திலிருந்து பல் வரைக்கும். அடுப்புச் சூட்டை விசிறி மேல் மாடிக்கு இழுக்கும். சாக்குத் தட்டில் கொழுந்தை மெல்லிசாகப் பரப்ப வேண்டும். குவியல் விழுந்தால் டீமேக்கர் ஏசுவார். பதினாலு வயதில் சேர்ந்திருக்கிறாள். அக்காவும் தங்கச்சியும் ஒரே வரிசையில். விசிறிச் சத்தத்தில் பேச முடியாது. கண்ணாலேயே பேசிக்கொள்வார்களாம்.

"பெரியம்மாவுக்கு போன் போடவாம்மா? இங்கிருந்தே பேசலாம்."

"நாளைக்கு."

இரவுச் சாப்பாடு கோச்சிப் பெட்டிக்குள் ஏற்பாடு. நானுஓயாவிலிருந்து ராகலைக்கு 1904இல் வந்த சின்னக் கோச்சி, இரண்டரை அடித் தண்டவாளம். தாத்தா அதில் தேயிலைப் பெட்டி ஏற்றியவர். 1940களில் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள், அம்மா அதைக் கண்டதில்லை. படியில் கால் வைத்தாள். எடுத்துவிட்டாள்.

"கோச்சிக்குள்ள ஒக்காந்து என்னால சோறு திங்க முடியாது."

பரிமாறும் பையன் ஒன்றும் கேட்கவில்லை. ஹோலிலேயே மேசை போட்டுக் கொடுத்தான். நல்ல பிள்ளை. வலப்பனைப் பக்கமாம்.

அறைக்கு வந்ததும் அம்மா பையைத் திறந்து அட்டையைப் பார்த்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நாலு மணி. சன்னல். அம்மா.

இன்று காலையிலிருந்தே எரிச்சல். எதன்மேல் என்று தெரியவில்லை. ஓர் இரவு வாடகையைத் தோட்டத்து ஒரு நாள் சம்பளத்தால், ஆயிரம் ரூபாய்ப் பேரால், வகுத்துப் பார்த்தேன். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். இந்த ஆயிரத்துக்கு எத்தனை வருடம் ரோட்டில் நின்றார்கள். 2021இல்தான் வந்தது. அதிலும் றாத்தல் குறைந்தால் அரைப்பேர். சன்னலுக்கு நேரே மலையில் பிள்ளைகள் கொழுந்து எடுக்கிறார்கள். நான் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்க்கிறேன். தேத்தண்ணி நல்ல ருசி. அதுவும் எரிச்சல்.

கட்டடத்தை 1930களில் கட்டினார்கள். 1996இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். இரும்புச் சட்டம், சன்னல் வரிசை, எல்லாம் பழையபடி. இடித்து இரும்புக்கு விற்றிருந்தால் அம்மாவுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சியிருக்காது. எத்தனையோ தோட்டத்தில் ஸ்டோர் இருந்த இடத்தில் காடுதான் நிற்கிறது. அதை நினைத்தால் கோபம் இறங்குகிறது. பிறகு மறுபடி ஏறுகிறது.

பின்னேரம் ஒரு வெள்ளைக்காரச் சோடி. அந்தப் பெண் சேலை கட்டி, கூடை மாட்டி, கொழுந்து எடுக்கப் போகிறாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அம்மா அவள் பின்னாலேயே போய்விட்டாள். நகத்தால் கிள்ளாதே, விரலை மடக்கி ஒடி, ரெண்டு இலை ஒரு மொட்டு. எல்லாம் தமிழில். அவளுக்கும் விளங்கியதுபோல் தலையாட்டல். அம்மா கொழுந்தைப் பிடியாக அள்ளிப் பிசைந்து காட்டினாள். நல்லா வாடியிருந்தால் பிடித்த பிடி அப்படியே நிற்குமாம், கையை விரித்தாலும் சட்டென்று உதிராது. நூறு கிலோ பச்சைக் கொழுந்து இருபத்திரண்டு, இருபத்துமூன்று கிலோ தூளாகத்தான் இறங்கும் என்று நான் இங்கிலீசில் சொன்னேன். அந்தப் பெண் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். மிச்சமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டாள்.

அம்மா முகம் அவ்வளவு தெளிவு. வெகுநாளாக அப்படிப் பார்க்கவில்லை.

"பெரியம்மாவுக்கு?"

"நாளைக்கு, நாளைக்கு."

ஆகஸ்ட் 12, சனி

நடைபயணம் போனவர்கள் மாத்தளைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். தலைமன்னாரிலிருந்து ஜூலை 28 தொடங்கிய நடை. கூடப் படிப்பிக்கும் டீச்சர் அங்கிருந்து போனில் அழுகிறாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. எங்கள் ஆட்கள் இங்கே வரத் தொடங்கிய 1823இலிருந்து இருநூறு வருடம். கோப்பிக் காலத்தில் அந்தப் பாதையில் விழுந்தவர்களுக்குக் குழிகூட இல்லை. இந்த முழங்கால் இல்லாவிட்டால் நானும் போயிருப்பேன். போயிருக்க வேண்டும். இங்கே மெத்தையில் கிடக்கிறேன்.

போனில் படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். தலைமன்னார் இறங்குதுறையில் விரல் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

பிறகு அவளாகவே சொன்னாள். 1974. நானுஓயா ஸ்டேசன். அழுகைக் கோச்சி. பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார், அப்பா இலங்கைக்கு. ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா. ஸ்டோரும் மூடிக்கிடந்த நேரம். பஞ்சம். சீனியில்லாச் சாயம், மரவள்ளிக் கிழங்கு. பெரியம்மா சன்னல் வழியாகக் கையைப் பிடித்தவள் விடவே இல்லையாம். கோச்சி நகர்ந்த பிறகும் அம்மா பிளாட்பாரம் முடியும்வரை ஓடியிருக்கிறாள். வயிற்றில் நான்.

வயிற்றில் நான் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தப்படி 525,000 பேர் அங்கே. 300,000 பேர் இங்கே. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கரும்பலகையில் நானே எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் பிரதி பண்ணுவார்கள். பெரியம்மா அந்த முதல் எண்ணுக்குள் ஒருத்தி. மண்டபம் முகாம், பிறகு சேரம்பாடி, டான் டீ. அங்கேயும் கூடைதான்.

இங்கே இருந்தவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது. அம்மாவுக்குப் பிரஜாவுரிமை 1988 சட்டத்துக்குப் பிறகு. நாற்பது தாண்டி. அதுவரை அவள் எந்த நாட்டு ஆள்?

கை நடுங்குகிறது. குளிராகவும் இருக்கலாம்.

அம்மா இன்று கட்டிலில் படுத்தாள். ஓரத்தில், சுவர்ப் பக்கமாக. அட்டை தலையணைக்கடியில்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஐந்தரை வரை தூங்கினாள். பயந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டு, "இப்ப போடு" என்றாள்.

சேரம்பாடியில் பேரன் எடுத்தான். வீடியோ. பெரியம்மாவுக்குப் பல் ஒன்றும் இல்லை. அம்மா போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள், வாங்கித் திருப்பிக் கொடுத்தேன்.

"அக்கா, நான் ஸ்டோர்ல இருக்கேன்."

"எந்த ஸ்டோரு?"

"நம்ம ஸ்டோரு. மூணாம் மாடி. ராத்திரி இங்கதான் படுத்தேன்."

பெரியம்மா நம்பவில்லை. எனக்குக் கொடுக்கச் சொன்னாள், நானும் சொன்னேன். அறையைச் சுற்றிக் காட்டினேன். கட்டில், திரை, குளியலறை. அதையெல்லாம் விடு, சன்னலைக் காட்டு என்றாள். காட்டினேன்.

"விசிறி அந்தப் பக்கம்தானே இருந்திச்சு, கந்தப்பளைப் பக்கம்?"

"இல்லக்கா. இந்தப் பக்கம்."

"நீ சின்னப் புள்ள, ஒனக்கு என்னா தெரியும்? விசிறிக்கிட்ட நின்னவ நான்."

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. விட்டுக் கொடுக்கவில்லை. கொழுந்து தூக்கும் கயிறு எந்த மூலை, ஏணி எங்கே, டீமேக்கர் எந்தப் படியால் வருவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நான் இந்தப் பக்கத்தின் கீழேயே படம் போட ஆரம்பித்துவிட்டேன். விசிறியை இரண்டு இடத்திலும் போட்டேன்.

அறையைப் பத்தரைக்கு ஒப்படைக்க வேண்டும். த்ரீவீல் வந்து கீழே ஹோர்ன் அடிக்கிறான். பெரியம்மா சொல்கிறாள், கீழே போய் எஞ்சினில் எழுத்துப் பொறித்த தகட்டைப் பார்த்து வா, பட்டை எந்தப் பக்கமாக ஏறுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு போனோடு படியிறங்குகிறாள். லிஃப்ட் வேண்டாமாம்.

டேட்டா முடியப்போகிறது. பரிமாறும் பையனிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்து ரீலோட் போடச் சொல்லியிருக்கிறேன்.